நண்பர்களோடு வெட்டவெளியில் குறிசுடும் பயிற்சி: படம்பிடிப்பதற்கு முன் திட்டமிடுவது எப்படி?

துப்பாக்கியைக் கையில் எடுத்த பிறகு யாரும் புதிதாக ஒன்றை யோசித்து முடிவெடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது. நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, ஏர் ரைபிளால், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கியால், குறிசுடும் பயிற்சிகளைத் திறந்தவெளியில் செய்து, அவற்றைக் காணொளியாகப் பதிவுசெய்ய நினைக்கும்போது, திட்டமிடல் என்று நான் சொல்வதெல்லாம் இந்த ஒரே விதியிலிருந்துதான் கிளைக்கிறது. யார் எப்போது சுடுவார், எங்கிருந்து சுடுவார், எத்தனை பெல்லட் (ஏர் ரைபிளின் சிறு ஈயக் குண்டு), கேமரா எங்கே நிற்கும், யார் குரல் கொடுத்தால் நிறுத்த வேண்டும் என்பவை முந்தைய நாளே காகிதத்தில் எழுதப்பட்டிருந்தால், களத்தில் மிஞ்சுவது குறிபார்ப்பதும் சுடுவதும் மட்டுமே. கேமரா இருக்கும் நாளில் இந்த ஏற்பாடு இல்லாமல் தொடங்கவே கூடாது, ஏனென்றால் லென்ஸைப் பார்த்த மாத்திரத்தில் மனிதர்கள் கொஞ்சம் மாறிப்போகிறார்கள்.

எங்கள் குழுவின் முதல் படப்பிடிப்பில் இதை நேரில் கண்டேன். நண்பர் ஒருவர் ஐந்தாவது பெல்லட்டைச் சுட்டுவிட்டு ரைபிளைத் தோளிலிருந்து இறக்கும் முன்பே, பக்கவாட்டில் கேமராவோடு நின்றிருந்தவர், "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டார். குரல் வந்த பக்கம் அவர் திரும்பினார். அவரோடு சேர்ந்து குழலும் திரும்பியது. ரைபிளில் அப்போது பெல்லட் இல்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் வீட்டில் அந்தப் பதிவை நிறுத்திப் பார்த்தபோது, குழலின் வாய் ஒரு சின்னக் கறுப்பு வட்டமாக லென்ஸுக்கு நேரே நின்றது. திரும்பியவரைக் குறை சொல்வதில் பயனில்லை; கேள்வி கேட்பதற்கான நேரத்தை நாங்கள் யாருமே முன்கூட்டித் தீர்மானித்திருக்கவில்லை. அன்றிலிருந்து, ரைபிள் மேசையில் வைக்கப்பட்டு, பெல்லட் வைக்கும் அதன் அறை திறந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்வரை, கேமராவின் பின்னால் நிற்பவர் வாயே திறக்கக் கூடாது என்பது எங்கள் தாளின் முதல் வரி.

இடமும் மண்மேடும்

முறையான சுடுதளம் ஒன்று கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். தனியார் நிலத்தில்தான் செய்ய முடியும் என்றால், அங்கே ஏர் ரைபிள் பயன்படுத்த உங்கள் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, நில உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, பக்கத்தில் வசிப்பவர்களிடமும் நாளையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையா, எவ்வளவு வயதானவர் சுடலாம் என்பவை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. "இது வெறும் காற்றுத் துப்பாக்கிதானே" என்ற எண்ணம் சட்டத்தின் முன்னாலும் செல்லாது, உடம்பின் முன்னாலும் செல்லாது.

இடத்தில் பார்க்க வேண்டியது இலக்கு வைக்கும் இடத்தை அல்ல, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான். சாதாரண ஏர் ரைபிள் பெல்லட்கூடச் சில நூறு மீட்டர் பறக்கும்; வெடிமருந்தால் சுடும் .22 தோட்டாவாக இருந்தால் 2 கி.மீ.க்கும் அப்பால் போகக்கூடியது. எனவே ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட, கல் கலக்காத மண்மேடு ஒன்று பின்னால் இருக்க வேண்டும், அந்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நீங்களே நடந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். சுடுபவர் எந்த நிலையில் இருந்து பார்த்தாலும், படுத்துப் பார்த்தாலும்கூட, இலக்குக்குப் பின்னால் வானம் தெரியக் கூடாது. மரத்தடி, பாறை, தேங்கிய தண்ணீர், கெட்டித் தரை ஆகிய எதுவும் மண்மேட்டுக்கு மாற்று ஆகாது, ஏனெனில் இவற்றில் பட்டுத் தெறிக்கும் பெல்லட் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

யார் என்ன செய்வது?

நான்கு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ஒருவர் சுடுவார், ஒருவர் கேமராக்களைப் பார்ப்பார், ஒருவர் மதிப்பெண் எழுதுவார், நான்காமவர் களப் பொறுப்பாளர். பொறுப்பாளர் சுடவும் மாட்டார், படம்பிடிக்கவும் மாட்டார்; அவர் கண் எப்போதும் குழலின் மேலும் சுடும் கோட்டின் மேலும் இருக்கும். ஒருவர் தம் முறையைச் சுட்டு முடித்த பிறகு பொறுப்புகளை மாற்றிக்கொள்ளலாம், அவர் சுடும்போது நடுவில் மாற்றக் கூடாது. "நிறுத்து" என்ற சொல்லை மட்டும் பொறுப்பாளர் மட்டுமல்லாமல் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், வேடிக்கை பார்க்க வந்தவரும் சொல்லலாம். சொன்ன கணத்தில் விரல் விசையைவிட்டு விலக வேண்டும், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினைப்பது, அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைக் காட்டாதிருப்பது, குறி கண்ணில் நிலைக்கும்வரை விசையில் விரல் வைக்காதிருப்பது, இலக்கையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் அறிந்த பிறகே சுடுவது ஆகிய நான்கு விதிகளும் உங்களுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். அவற்றை அன்று காலை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, கண்ணாடி அணிந்து, அதன் பிறகு பெல்லட் டப்பாவைத் திறங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கேமரா பிடிப்பவருக்கும் பார்வையாளருக்கும் உண்டு. தோட்டாத் துப்பாக்கியாக இருந்தால் காதுக்கவசமும் எல்லோருக்கும் வேண்டும்.

பயிற்சியைக் கேள்வியாக எழுதுங்கள்

"பத்து மீட்டரில் சுடுவோம், படம் எடுப்போம்" என்பது பயிற்சியும் ஆகாது, காணொளியும் ஆகாது. பார்ப்பவருக்கு ஒரு கேள்வி புரிய வேண்டும். அதற்கான விடை இலக்குத் தாளில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பயிற்சியையும் ஒரே வரிக் கேள்வியாக எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

நாளின் முதல் பயிற்சியாக நான் எப்போதும் வைப்பது ஒற்றைப் பெல்லட். கேள்வி இதுதான்: கை பழகுவதற்கு முன், அன்றைய முதல் பெல்லட் எங்கே விழும்? நால்வருக்கும் தலைக்கு ஒன்று. முன்னோட்டமும் கிடையாது, மறுவாய்ப்பும் கிடையாது. மொத்தமாகக் கால்மணி நேரம் ஆகும், ஆனால் அந்த நாளில் ஒவ்வொருவரும் மிகுந்த கவனத்தோடு மூச்சை நிதானப்படுத்துவது இதில்தான், அது முகத்தில் தெரியும்.

அடுத்தது கூட்டு. ஒருவர் ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து பெல்லட் சுட்டால், ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பது. மிகவும் விலகியுள்ள இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து, பெல்லட்டின் விட்டத்தைக் கழித்துவிட்டால் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைத்துவிடும். .177 என்று சொல்லப்படும் பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ.; வெளி அளவு 23 மி.மீ. வந்தால் கூட்டு 18.5 மி.மீ. இந்த அளவெடுப்பை அளவுகோலோடு கேமரா முன்னால் செய்யுங்கள், பார்ப்பவரும் உங்களோடு சேர்ந்து கணக்குப் போடுவார். மெல்லிய தாள் கிழிந்துவிடும் என்பதால் தடித்த அட்டைத் தாளே அளப்பதற்கு ஏற்றது. சர்வதேசப் போட்டிகளில் பயன்படும் 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் மொத்த விட்டமே 45.5 மி.மீ.தான், அதன் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டம் 0.5 மி.மீ. அளவுள்ள ஒரு பொட்டு. நேரில் பார்க்கும்போது மலைப்பைத் தரும் அந்த இலக்கு, காணொளியில் ஒரு கறுப்புத் திட்டாக மட்டுமே தெரியும். கறுப்பில் விழுந்த ஓட்டையும் தெரியாது. படம்பிடிக்கும் நாளுக்கு, பளபளப்பில்லாத வெள்ளை அட்டையில் மெல்லிய வளையங்களும் நடுவில் சிறிய கறுப்பு வட்டமும் வரைந்து, பின்னால் கருந்துணி ஒன்றைத் தொங்கவிட்டால், ஒவ்வொரு ஓட்டையும் மை வைத்ததுபோலப் பளிச்சென்று தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, சுட்ட பெல்லட் எங்கே பட்டது என்பதைப் பார்க்காமலேயே சொல்வது. சுடுபவரின் மேசையில், தொலைவில் உள்ள இலக்கைப் போன்றே இன்னொரு தாளும் ஒரு பேனாவும் இருக்கும். அவர் ஒரு பெல்லட்டைச் சுட்டதும் ரைபிளை உடனே இறக்காமல், அதே நிலையில் ஒரு நொடி நின்று, விசை விடுபட்ட கணத்தில் குழல் முனையில் உள்ள முன்குறி எங்கே நின்றது என்பதை மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ரைபிளை வைத்துவிட்டு, பெல்லட் பட்டிருக்கும் என்று தாம் நம்பும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் 1 என்று எண் இட வேண்டும். தொலைநோக்கியோ ஸ்கோப்போ வைத்து நடுவில் யாரும் பார்க்கக் கூடாது. ஐந்தும் முடிந்து சுடுதலை நிறுத்திய பிறகு, இலக்குத் தாளை எடுத்து வந்து மேசையில் உள்ள தாளின் பக்கத்தில் வைக்கிறார்கள். கேமரா மேசைக்கு நேர் மேலே இருக்கட்டும். இரண்டு தாள்களும் ஒத்துப்போனால் அவர் பெல்லட்கள் நடுவில் விழாவிட்டாலும் நன்றாகச் சுடுகிறார் என்று பொருள். தவறு எங்கே என்று அவருக்குத் தெரியும், திருத்திக்கொள்வார். ஒத்துப்போகாவிட்டால், விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுகிறார் அல்லது ரைபிளை இறக்குவதற்கு அவசரப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் குழுவில் ஒருவர் நான்காவது புள்ளியை வைக்கும்போது பேனாவைத் தாளின் மேல் கொண்டுபோய், தொடாமல், நெடுநேரம் நிறுத்தியிருந்தார். கடைசியில் வலப்பக்க ஓரத்தில் தயக்கத்தோடு குத்தினார். நான்காவது ஓட்டை அங்கேயேதான் இருந்தது. அந்தத் தயங்கும் கையைவிட நல்ல காட்சி எங்கள் பதிவுகளில் வேறொன்றும் இல்லை.

ஸ்பிரிங் வகை ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் தாங்குபொருள் பயிற்சியைச் செய்து பார்க்கலாம். இந்த வகையில் பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் நகர்ந்து ரைபிளை அசைத்துவிடுகின்றன. அதனால் ரைபிளை எதன் மேல் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து பெல்லட் விழும் இடமும் மாறும். ஒரே ஆள், ஒரே ரைபிள், ஒரே தொலைவு. முதலில் திறந்த உள்ளங்கையில் லேசாக ஏந்தி ஐந்து, பிறகு மணல்பையில் வைத்து ஐந்து, பிறகு மரப்பலகை மேல் வைத்து ஐந்து. மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது. முன்கூட்டிக் காற்றழுத்தம் நிரப்பப்படும் ரைபிள்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும் என்பதால், இரண்டு வகையும் குழுவில் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் ரைபிளைப் பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுக் காட்டாதீர்கள், பிஸ்டன் நேரே மோதிப் பழுதாகிவிடும்.

நிலை மாற்றிச் சுடுவது எளிதில் ஏற்பாடு செய்யக்கூடியது: படுத்து, மண்டியிட்டு, நின்று, ஒவ்வொன்றிலும் ஐந்து பெல்லட். கூட்டு படிப்படியாக விரிவது தானாகவே கதை சொல்லும். வீசும் காற்று பெல்லட்டை எவ்வளவு விலக்குகிறது என்று பார்க்கும் பயிற்சிக்கு 25 மீட்டராவது வேண்டும், இலக்குக்குப் பாதி தூரத்தில் ஒரு குச்சியில் ரிப்பன் கட்டிவிட்டால் போதும்.

வெடித்தும் விழுந்தும் கண்ணைக் கவரும் இலக்குகளைக் கடைசிக்கு வையுங்கள். சாக்பீஸ் துண்டும் சுட்ட களிமண் வில்லையும் பட்டதும் தூளாகப் பறக்கும், மெதுவோட்டத்தில் அழகாக இருக்கும். பலூனும் நன்றாகத் தெரியும், ஆனால் அதன் துணுக்குகளை ஆடுமாடுகள் விழுங்கிவிடும் என்பதால் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். உலோகத் தகடு வைப்பதானால் அதன் முகம் சற்றே தரையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மென்மையான ஈயப் பெல்லட் மட்டுமே பயன்படுத்த வேண்டும். உருண்டையான எஃகு குண்டுகள் கெட்டியான பரப்பில் பட்டுச் சுட்டவர் பக்கமே திரும்பிவரும்.

நேரக்கட்டுப்பாடு வைத்து வேகமாகச் சுடும் பயிற்சியை நண்பர்கள் கேட்பார்கள். குழலை மடக்கி நிரப்பும் ரைபிளில் நான் இதை அனுமதிப்பதில்லை. மடக்கிய குழலை ஒரு கை இறுகப் பிடித்திருக்க, இன்னொரு கை பெல்லட்டை அறையில் பொருத்த வேண்டும்; பிடி தளர்ந்து குழல் துள்ளினால் விரல் நசுங்கும். இந்தச் செயலை அவசரப்படுத்தும் எதுவும் நல்ல பயிற்சி அல்ல.

கேமரா எங்கே நிற்கும்?

மூன்று இடங்கள் போதும். முதலாவது, சுடுபவருக்குப் பின்னால் தோளுக்குச் சற்று மேலே. இரண்டாவது, சுடும் கோட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில், கன்னமும் விரலும் தெரியும்படி. மூன்றாவது, இலக்கைப் பார்க்கும் ஆளில்லாத கேமரா. இதற்கு ஒரு பழைய கைபேசி போதும். தாழ்ந்த ட்ரைபாடில், இலக்குக்கு ஒரு பக்கமாக, தடித்த பலகை ஒன்றுக்குப் பின்னால், லென்ஸுக்கு முன் பாலிகார்பனேட் தகடு வைத்து நிறுத்திவிடுங்கள். அதை வைப்பதும் எடுப்பதும் சுடுதல் நிறுத்தப்பட்டு, எல்லா ரைபிள்களும் மேசையில் திறந்து கிடக்கும்போது மட்டும்தான். சுடும் கோட்டுக்கு முன்னால் எந்த மனிதரும், எந்தக் காட்சிக்காகவும், வெற்று ரைபிளின் முன்னாலும்கூட, நிற்கக் கூடாது. குழலை நேரே நோக்கும் காட்சி சினிமாவில் பார்த்துப் பழகியது; உங்கள் காணொளிக்கு அது தேவையில்லை.

பெல்லட் பறப்பதைப் படம்பிடிக்க எல்லோருக்கும் ஆசை. 10 மீட்டர் ஏர் ரைபிளின் பெல்லட் ஏறத்தாழ நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், இலக்கை அடைய 0.06 நொடிகூட ஆகாது. நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் கேமராவில் அந்தப் பயணம் இரண்டு பிரேமுக்குள் முடிந்துவிடும், 240 பிரேமில் பதினான்கு கிடைக்கும். ஆனால் ஷட்டர் வேகம், அதாவது ஒரு பிரேமுக்குக் கேமரா ஒளி வாங்கும் நேரம், 1/240 நொடியாக இருந்தால் ஒரு பிரேமுக்குள்ளேயே பெல்லட் 70 செ.மீ.க்கு மேல் நகர்ந்து, மங்கலான கோடாகிவிடும். 1/2000 வைத்தால் அந்தக் கோடு 9 செ.மீ. அளவுக்குச் சுருங்கும். அதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும். சூரியன் சுடுபவரின் முதுகுப் பக்கம் இருக்கும் நேரத்தில், பின்னாலிருந்து எடுத்தால், பெல்லட்டின் அடிப்பகுதி ஒளிபட்டு மின்னுவதைப் பிடிக்க முடியும். இந்தக் காரணத்துக்காகவே முந்தைய நாள் அதே நேரத்தில் இடத்துக்குப் போய், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துக்கொண்டு வருவது நல்லது. நண்பகலில் தரைச்சூடு அலையலையாக எழுந்து இலக்கையே ஆட்டும், அப்போது சாப்பிடப் போய்விடலாம்.

ஒலியைத் தானியங்கி அளவில் விட்டால், சுட்ட சத்தம் வந்ததும் கருவி தன் அளவைக் குறைத்துக்கொண்டு, அடுத்துச் சொல்லப்படும் வார்த்தையை விழுங்கிவிடும். அளவைக் கையால் பொருத்தி, மைக்குக்குக் காற்றுறை போடுங்கள். 25 மீட்டரில் உள்ள தகட்டைச் சுட்டால், பெல்லட் போய்ச் சேரவும் தகட்டின் ஒலி திரும்பி வரவும் சேர்த்து கால் நொடி அளவுக்கு ஓர் இடைவெளி வரும். படத்தொகுப்பில் அந்த இடைவெளியை வெட்டிவிடாதீர்கள், தொலைவைக் காதால் உணரவைப்பது அதுதான். எல்லாக் கேமராக்களையும் ஒருங்கிணைக்க ஒரு கைத்தட்டல் போதும், அதை ரைபிளை யாரும் எடுக்கும் முன்பே தட்டிவிடுங்கள்.

தாளும் நேரமும்

ஒரு பயிற்சிக்கு ஒரு தாள். கேள்வி, தொலைவு, நிலை, பெல்லட் எண்ணிக்கை, கேமரா இடங்கள், எப்போது முடிந்ததாகக் கொள்வது ஆகிய ஆறும் அதில் இருந்தால் போதும். நால்வர் தலைக்கு ஐந்து பெல்லட் சுட்டு, தாள் மாற்றி, அளந்து, கேமராவையும் இடம் மாற்ற முக்கால்மணி நேரமாவது பிடிக்கும். அதனால் ஒரு காலையில் மூன்று பயிற்சிகளுக்கு மேல் எழுதாதீர்கள். ஒன்பது எழுதிக்கொண்டு போய், கடைசி நான்கையும் சோர்ந்த கைகளோடு செய்வதில்தான் கவனப்பிசகு நுழைகிறது.

இரண்டு சூழ்நிலைகளுக்கான முடிவையும் தாளிலேயே எழுதிவிடுங்கள். ஒன்று, ரைபிள் நிரப்பப்பட்ட பிறகு கேமரா பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது? நிரப்பிய ரைபிளோடு யாரும் காத்திருக்கக் கூடாது. பொறுப்பாளர் சொன்னதும் அந்தப் பெல்லட்டை மண்மேட்டில் சுட்டுவிட்டு, ரைபிளைத் திறந்து வைத்த பிறகே பேட்டரியைத் தேட வேண்டும். மற்றொன்று, மோசமாகச் சுட்டவர் "இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் என்ன செய்வது? கூடாது. முதல் முயற்சியில் வந்ததே கணக்கு. திரும்பத் திரும்பச் சுட்டு நல்லதை மட்டும் காட்டும் காணொளியைப் பார்க்கும் புதியவர், தம்முடைய சாதாரணமான கூட்டைப் பார்த்து மனம் உடைந்துபோகிறார். அவருக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

எல்லாம் முடிந்ததும், ஒவ்வொரு ரைபிளின் அறையும் வெறுமையாக இருப்பதைப் பொறுப்பாளர் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் காட்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள், தொகுக்கும்போது அதை நீக்க வேண்டாம். கிழிந்த அட்டைகளையும், கிடைக்கும் பெல்லட்களையும், வில்லைத் துண்டுகளையும் பொறுக்கிவிட்டு, எதையும் வாயில் வைக்கும் முன் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள், ஈயம் விரலில் ஒட்டியிருக்கும். வெளியிடுவதற்கு முன், படத்தில் முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு, கைபேசி தானாகப் பதிந்த இடக்குறிப்பை நீக்கி, நீங்கள் வெளியிடும் தளம் துப்பாக்கிக் காட்சிகளுக்கு வைத்துள்ள விதிகளையும் படித்துப் பாருங்கள். சுட்ட அட்டைகளில் தேதியும் பெயரும் தொலைவும் எழுதி, அந்தந்தப் பயிற்சித் தாளோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டால், அடுத்த முறை அதே கேள்வியை அதே நால்வரிடம் கேட்டு, இரண்டு அட்டைகளையும் கேமரா முன்னால் அருகருகே வைக்கலாம்.